நானூற்றி ஐம்பத்தெட்டும் ஓர் இரும்பு அலுமாரியும்

வருகிற நத்தார்ப் பண்டிகைக்குள் யானை சுடுகிற ரைபிள் ஒன்று தன் வீட்டுக்கு வந்தே தீரும் என்று சவிரிமுத்து சத்தியம் பண்ணிய நேரத்தில் அவருடைய ஒரு கையில் மட்டன் ரோல் இருந்தது, மற்றக் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. சத்தியத்துக்கு மூன்றாவது கை இல்லை. ஆகவே ரோலையே உயர்த்திப் பிடித்துச் சொன்னார்.

இது நடந்தது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு செப்ரெம்பரில், லண்டன் அப்டன் பார்க்கில், மாதம் ஒருமுறை வருகிற தமிழ்ப் பூசை முடிந்து சனம் தேவாலய மண்டபத்தில் கூடி நின்றபோது. வேண்டாத வேலையைத் தொடக்கி வைத்தவர் கிறிஸ்துராஜா. தலைமன்னார் ஆள், பஸ் ஓட்டுகிறவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

"அண்ணை, உந்த நானூற்றி அம்பத்தெட்டு ரைபிள் உதைச்சால் தோள்மூட்டு கழண்டு போமாமே?"

"உதைக்கிறது துவக்கின்ர குணம். தாங்கிறது ஆம்பிளையின்ர குணம்."

"அப்ப மற்றது? முந்நூற்றி எழுபத்தைஞ்சு?"

"அது நல்ல பிள்ளை, தம்பி. மானுக்கும் பாவிக்கலாம், எருமைக்கும் பாவிக்கலாம். குண்டு தூரத்துக்கும் நேராய்ப் போகும். பாரமும் குறைவு. உதையிலை மூண்டிலை ஒரு பங்கு குறைவு."

"அப்ப அதையே வாங்கலாமே?"

"எல்லாத்துக்கும் பாவிக்கிறதை எல்லாரும் வாங்குவாங்கள். நான் வாங்கிறதெண்டால் பெரிசுதான்."

"ஓமோ? எப்ப வாங்கிறியள்?"

இருபது பேர் ரோலைக் கடிக்காமல் சவிரிமுத்தரைப் பார்த்தார்கள். எட்டு வருஷமாக இந்த மண்டபத்தில் அவர்தான் வேட்டைக்காரர். அந்தப் பேருக்கு ஒரு கீறல் விழ விடுவாரா? அப்போதுதான் ரோல் உயர்ந்தது.

அவருடைய துவக்கு ஞானம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடவேண்டும். பிக்காடில்லிக்குப் பின்தெருவில் ஒரு கந்தோரில் தபால் பிரிக்கிற வேலை அவருக்கு. பக்கத்துக் கட்டிடம் ஒரு பழைய துவக்குக் கடை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சாண்ட்விச் தின்பார். மூன்றாம் வருஷம் கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு விலைப்பட்டியல் புத்தகம் கொடுத்தார். அதை அவர் செபப்புத்தகத்தைவிடக் கூடுதலாகப் புரட்டியிருக்கிறார். எந்த ரைபிளுக்கு எத்தனை றாத்தல் பாரம், எது எவ்வளவு உதைக்கும், எந்தக் குண்டு எந்த மிருகத்தை எத்தனை யார் தூரத்தில் விழுத்தும், எல்லாம் நுனிநாக்கில். மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த காலத்தில் முசலிக் காட்டுக்கு வேட்டைக்குப் போன ஒரு கூட்டத்தோடு போனதும் உண்மைதான். போனவர் காவிக்கொண்டு போனது சோற்றுப்பொதி. லண்டனுக்கு வந்தபிறகு, சொல்லச் சொல்ல, அந்தச் சோற்றுப்பொதி மெல்ல மெல்லத் துவக்காக மாறிவிட்டது.

துவக்கு ஒன்றையும் அவர் வாழ்க்கையில் ஒருநாளும் சுட்டதில்லை. இது தெரிந்த ஒரே சீவன் உலகத்தில் அவருடைய மனிசி மெற்றில்டா.

மெற்றில்டா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறவள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று கிரீன் ஸ்றீற் நீளத்துக்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். அவள் கத்துவாள். தான் மார்பை நிமிர்த்துவார். அவள் அழுவாள். தான் அசையமாட்டார். இவ்வளவும் மனதில் நடந்து முடிந்தபிறகு வீட்டுக் கதவைத் திறந்தார்.

"மெற்றில்டா, நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறன்."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு எடுங்கோ."

கழற்றினார். "நான் ரைபிள் வாங்கப்போறன். யானை ரைபிள்."

அவள் சொதியைத் துழாவிக்கொண்டே ஒரு கணம் யோசித்தாள்.

"நல்லது."

"என்னது?"

"நல்லதெண்டனான். வாங்குங்கோ. கொண்டந்து எங்கை வைப்பியள்?"

சவிரிமுத்தருக்குக் கொஞ்சம் தடுமாற்றம்தான். சண்டைக்கு வெளிக்கிட்டு வந்தவருக்கு எதிரியைக் காணவில்லை. ஆனாலும் கேட்ட கேள்வி அவருக்குப் பிடித்த கேள்வி.

"கண்டபாட்டுக்கு வைக்கேலாது. சட்டம். இரும்பு அலுமாரி வேணும். சுவரோடை சேத்துப் போல்ற் அடிச்சு இறுக்கவேணும். பூட்டின்ர திறப்பு ஒரு ஆளிட்டைத்தான் இருக்கலாம். உமக்குக்கூடத் தரேலாது."

"ஏனப்பா?"

"சட்டம் மெற்றி! சாமானுக்குச் சொந்தக்காரர் ஆரோ, அவரிட்டைத்தான் திறப்பு."

"சாமானுக்குச் சொந்தக்காரர் ஆரோ, அவரிட்டைத்தான் திறப்பு," என்று மெற்றில்டா ஞானோபதேச வகுப்புப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னாள். "நல்ல சட்டம். அந்த அலுமாரிக்குள்ளை சின்னதாய் இன்னொரு பெட்டியும் இருக்குமோ?"

"ஓம் ஓம், தோட்டா வைக்க. அதுக்குத் தனிப் பூட்டு."

"அப்ப அதுவும் இருக்கிறதாய்ப் பாத்து வாங்குங்கோ," என்றாள். பிறகு பிறீசரைத் திறந்து பாரைமீன் பொதி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

அந்தப் பிறீசரைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருஷம் இரண்டு வீடு தள்ளிக் கமலாம்பிகை வீட்டில் களவு போயிற்று. தமிழ் வீட்டில் நகை எங்கே இருக்குமென்று கள்ளனுக்கும் தெரிந்திருக்கிறது. நேரே போய் அரிசி வாளியைக் கொட்டிப் பார்த்திருக்கிறான். அன்றைக்கே மெற்றில்டா தன் தாலிக்கொடியையும் காப்பையும் மகள் பெர்னடெற்றின் கலியாணத்துக்கென்று சேர்த்த நகையையும் அரிசியிலிருந்து கிளறி எடுத்துப் பாரைமீன் பொதிக்குள் குடியேற்றினாள். திருநாட்களில் அவள் போட்டுக்கொண்டு வருகிற சங்கிலி நற்கருணை கொடுக்கும் நேரம்வரைக்கும் கழுத்தில் குளிர்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இலேசாக மீனும் மணக்கும். ஒரு சேஃப் வாங்குவோம் என்று அவள் எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். "நான் வீட்டிலை இருக்கேக்கை ஆர் வரப்போறான்?" என்பதுதான் வேட்டைக்காரரின் பதில். அவர் பகலெல்லாம் பிக்காடில்லியில் இருப்பது வேறு கதை.

துவக்கு அனுமதிக்கான விண்ணப்பப் போம் வந்தது. சவிரிமுத்தர் அதைத் தன் மணிமணியான கச்சேரிக் கையெழுத்தில் நிரப்பினார். தபாலில் போடும்படி வழக்கம்போல மெற்றில்டாவிடம் கொடுத்தார். அந்த வீட்டில் எந்தப் போமும் அவள் கையால்தான் போகும். முதன்முதல் குரோய்டன் குடிவரவுக் கந்தோருக்குப் போன அகதிப் போமே அவள் அனுப்பியதுதான். நாள் முழுக்கத் தபால் பிரிக்கிற மனிசனுக்கு வீட்டுத் தபாலைக் கண்டால் அலுப்பு.

மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, பொலிஸ் வந்தது. வந்தவர் மிஸ்டர் ஹார்ப்பர். சாதாரண உடுப்பு, கழுத்துப்பட்டி, கையில் நீலக் கோப்பு. மெற்றில்டா ரோலும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். சவிரிமுத்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மிஸ்டர் ஹார்ப்பர், ஒரு நானூற்று ஐம்பத்தெட்டு எவ்வளவு உதைக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?"

ஹார்ப்பரின் ரோல் பாதிவழியில் நின்றது. "அப்படி ஏதாவது இந்த வீட்டில் இருக்கிறதா, சேர்?"

"இன்னும் இல்லை."

"நல்லது," என்றார் ஹார்ப்பர். ஆறுதலாக மென்றார்.

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் சவிரிமுத்தர் பாடம் நடத்தினார். பாரம் கூடிய ரைபிள் ஏன் குறைவாக உதைக்கும், முன்னுக்குச் சாய்ந்து நின்று எப்படி அந்த உதையை வாங்கவேண்டும், பற்றைக்குள்ளே பத்து யாரில் எருமை வந்தால் எது உதவும், தூரத்து மானுக்கு எது உதவும். ஹார்ப்பர் மரியாதையான மனிசர். எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றையும் எழுதவில்லை.

"துவக்குச் சங்கதியெல்லாம் என் வேலை இல்லை, சேர். நான் பூட்டும் சுவரும் பார்க்கிறவன்."

எவ்வளவு ஒழுங்கான நாடு! பூட்டுக்கு ஒரு பொலிஸ், துவக்குக்கு ஒரு பொலிஸ். சவிரிமுத்தருக்குப் புல்லரித்தது.

மெற்றில்டாவுக்குத்தான் கேள்விகள் இருந்தன. இரும்பு எத்தனை தடிப்பு வேண்டும்? எந்தச் சுவர் நல்லது? கள்ளன் இரும்புக் கம்பியால் நெம்பினால் கழலுமா? ஹார்ப்பர் மேலே போய்ப் படுக்கையறைச் சுவரைத் தட்டிப் பார்த்தார். நல்ல செங்கல், நாலு போல்ற் போதும், உடுப்பு அலுமாரிக்குள் மறைத்து வையுங்கள் என்றார். போகும்போது தன் அட்டை ஒன்றை மெற்றில்டாவிடம் கொடுத்தார்.

"சேர், உங்கள் மனைவி மாதிரி விவரமான ஆளை நான் இந்தத் தெருவில் கண்டதில்லை."

சவிரிமுத்தருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நான் பழக்கி எடுத்தது," என்றார்.

அடுத்த கிழமை அலுமாரி வந்தது. ஆள் உயர இரும்பு, இரட்டைப் பூட்டு, உள்ளே சின்னப் பெட்டி. சுவரைத் துளைக்கிற வேலைக்கு ஆளைப் பிடிப்போம் என்று மெற்றில்டா சொல்லவில்லை. "கிறிஸ்துராஜாவை வரச்சொல்லட்டே? அவர் வடிவாய் இறுக்குவார்," என்று மட்டும் சொன்னாள். அது போதுமாக இருந்தது. இரண்டு சனி, ஒரு ஞாயிறு, சவிரிமுத்தர் ஒருவரையும் கிட்டவர விடாமல் தானே துளைத்து, தானே இறுக்கி, தானே பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திறப்புகளைச் சங்கிலியில் மாதா பதக்கத்தோடு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

அதன்பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. ஒக்ரோபர் போயிற்று. மண்டபத்தில் கிறிஸ்துராஜா, "என்ன அண்ணை, நத்தார் கிட்டுது," என்று கேட்கத் தொடங்கிவிட்டார். சவிரிமுத்தர் இரவு பகலாக விலைப்பட்டியலைப் புரட்டினார்.

"ஏனப்பா, ஒரு கம்பிளிச் சட்டை வாங்கிறதெண்டாலும் போட்டுப் பாத்துத்தானே வாங்கிறியள்," என்றாள் மெற்றில்டா. "ரெண்டையும் ஒருக்காச் சுட்டுப் பாத்தால் என்ன? உங்கட வின்ற்ரர் ஐயாவிட்டை இருக்கெண்டு சொன்னனீங்கள்."

வின்ற்ரர் கந்தோரில் அவருக்கு மேலதிகாரி. எசெக்ஸில் பண்ணை உள்ளவர். தகப்பன் கென்யாவில் வேட்டையாடிக் கொண்டுவந்த ரைபிள்கள் அவரிடம் இருந்தன. தன் காணிக்குள், தன்னை வைத்துக்கொண்டு, விருந்தாளி ஒருவர் தன் ரைபிளைச் சுடச் சட்டம் விடும் என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். கேட்டதும் மனிசருக்குப் பெரிய சந்தோஷம். எட்டு வருஷமாகச் சவிரிமுத்தரின் முசலிக் கதைகளைக் கேட்டவரல்லவா?

ஒரு சனிக்கிழமை புருஷனும் பெண்சாதியும் ரயில் ஏறிப் போனார்கள். மழை பெய்து ஓய்ந்த வயல். ஐம்பது யாரில் மண்மேடு, அதில் ஒரு கடதாசி எருமை.

முதலில் முந்நூற்றி எழுபத்தைந்து. சவிரிமுத்தர் புத்தகத்தில் படித்தபடி காலை அகட்டினார், முன்னுக்குச் சாய்ந்தார், ரைபிளின் அடிக்கட்டையைத் தோளில் இறுக்கினார். வெடித்தது. யாரோ பெலத்த ஆள் ஒருவர் தோளில் கைவைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. ஓரடி பின்னுக்குப் போனார், நின்றார். கடதாசி எருமையின் வயிற்றில் ஓட்டை!

"அருமை!" என்றார் வின்ற்ரர்.

சவிரிமுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் வெடி. பட்டும் விட்டது! இத்தனை வருஷமாகச் சொன்ன பொய்யெல்லாம் ஒரே வெடியில் உண்மையாகிப்போன மாதிரி அவருக்கு ஒரு நிம்மதி. ரைபிளை வின்ற்ரரிடம் நீட்டினார்.

"போதும் மெற்றி. இதுதான் பிராக்டிக்கல். வாரும், போவம்."

"ஓமப்பா, போவம்," என்றாள் மெற்றில்டா. "கிறிஸ்துராஜா கேட்டால் சின்னதை அடிச்சனாங்கள் எண்டு சொல்லுவம்."

சவிரிமுத்தர் நின்றார். வின்ற்ரர் பக்கம் திரும்பினார். பெரிசைக் கேட்டு வாங்கினார்.

நானூற்றி ஐம்பத்தெட்டு வெடித்தபோது அவருக்கு வெடிச்சத்தம் கேட்கவில்லை. கேட்கிறதுக்கு அவர் அங்கே இருக்கவில்லை. தொப்பி ஓரிடம், கண்ணாடி ஓரிடம், சவிரிமுத்தர் மாட்டுச் சாணத்துக்குப் பக்கத்தில். பக்கத்தில் என்பது மெற்றில்டா பிறகு மகளுக்குச் சொன்னது. குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை, மண்மேட்டில்தான் எங்கேயோ. ரைபிளை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், அதுவரைக்கும் ஆம்பிளைதான்.

"உதை எப்படி?" என்று வின்ற்ரர் குனிந்து கேட்டார்.

"சமாளிக்கலாம்," என்றார் சவிரிமுத்தர், வானத்தைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தோள் கத்தரிக்காய் நிறம். மெற்றில்டா சட்டையைக் கழற்றிவிட்டு, எண்ணெய் சூடாக்கிப் பூசி உருவினாள். திறப்புச் சங்கிலி இடைஞ்சலாக இருந்தது. "கையைத் தூக்காதேங்கோ, நானே கழட்டிறன்," என்றாள். சவிரிமுத்தர் "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டிருந்தார். மாதா பதக்கம் மட்டும் பிறகு திரும்பி வந்தது.

மறுநாள் தமிழ்ப் பூசை. குருவானவர் "பிதா சுதன்" என்று தொடங்க, கோயில் முழுக்க வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோயிற்று. சவிரிமுத்தரின் வலது கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. வேறு வழியில்லாமல் இடது கையால் சிலுவை போட்டார். ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து அந்தக் கோயிலில் இருந்த ஒருவரும் கண்டிராத காட்சி அது. இரண்டு வாங்கு வரிசை பின்னாலிருந்து கிறிஸ்துராஜா கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

மண்டபத்தில் நேரே வந்தார். "என்ன அண்ணை, சிலுவை கை மாறிப்போச்சு?"

சவிரிமுத்தர் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எட்டு வருஷத்துப் பேர் அந்த நிமிஷத்தில் போகப்போகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"நேற்று எசெக்ஸிலை நானூற்றி அம்பத்தெட்டு அடிச்சவர்," என்றாள் மெற்றில்டா, எல்லோருக்கும் கேட்கிற குரலில். "நான் கண்ணாலை கண்டனான். முதல் வெடி எருமையின்ர வயித்திலை. அந்த வெள்ளைக்காரன் அருமை எண்டவன். இஞ்சை உதை வாங்கின தோளோடை ஆரேன் நிக்கிறியளோ? இவர் நிக்கிறார்."

எந்த வெடி எந்தத் துவக்கினது என்று அவள் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. கிறிஸ்துராஜா தானே போய் அவருக்கு ரோல் எடுத்து வந்து இடது கையில் வைத்தார். சவிரிமுத்தர் அதைப் பெருநாள் வெடி கேட்ட பிள்ளையின் முகத்தோடு தின்றார். தன் மனிசியைப் போல ஒருத்தி மன்னாரிலும் இல்லை, லண்டனிலும் இல்லை என்று அன்றைக்கு அவருக்கு உறுதியாயிற்று.

அந்தச் சந்தோஷத்தோடேயே வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தார்.

"மெற்றி, நான் யோசிச்சுப் பாத்தன். சுட்டாச்சு, ஊரும் அறிஞ்சாச்சு. இனி வாங்கி என்னத்துக்கு? அப்டன் பார்க்கிலை எருமை இல்லை. பிராக்டிக்கலாய்ப் பாத்தால் வேண்டாம்."

"நீங்கள் சொன்னால் சரி."

"பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதும். என்ர போமைத் திருப்பி அனுப்பச் சொல்லி."

"எழுதத் தேவையில்லை," என்றாள் மெற்றில்டா.

உடுப்பு அலுமாரியைத் திறந்து, கொழுவியிருந்த சேலைகளை ஒதுக்கி, இரும்புக் கதவைத் திறந்தாள். மேல்தட்டில் அவர் நிரப்பிய போம், உறைக்குள், முத்திரை ஒட்டியபடி, அப்படியே இருந்தது. அதன்மேல் ஹார்ப்பரின் அட்டை. சவிரிமுத்தர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். பொலிஸ் பகுதி, வீட்டுக் களவுத் தடுப்பு ஆலோசகர்.

"அப்ப அந்த மனிசன் துவக்குக்கு வரேல்லையோ?"

"இல்லையப்பா. கமலாம்பிகைதான் நம்பர் தந்தவ. களவு போகாமல் எப்பிடிப் பாதுகாக்கிறதெண்டு சொல்லித்தர வாறவர். நான் ரெலிபோன் பண்ணிக் கூப்பிட்டனான். பாவம், உங்களிட்டை அரை மணித்தியாலம் யானை சுடப் படிச்சிட்டுப் போனவர்."

அவள் உள்ளிருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாள். தோட்டா இருக்கவேண்டிய இடத்தில் தாலிக்கொடி, காப்பு, பெர்னடெற்றின் பதக்கச் சங்கிலி எல்லாம் சிவப்புத் துணியில் சுற்றி, ஒழுங்காக, காய்ந்துபோய், மீன் மணம் இல்லாமல் இருந்தன. மெற்றில்டா அவற்றை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டினாள். பெரிய கதவையும் பூட்டினாள்.

சவிரிமுத்தர் எழும்பி வந்தார். கோபம் வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார், வரவில்லை. இடது கையால் அலுமாரியைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. முழுப் பெலத்தோடு இழுத்தார். அப்போதும் ஒரு இம்மியும் அசையவில்லை. அவருடைய நெஞ்சு தன்பாட்டில் நிமிர்ந்தது.

"பாத்தீரோ என்ர வேலையை! லண்டனிலை ஒரு கள்ளனாலும் ஏலாது!"

"அதுக்குத்தானே உங்களைக் கொண்டு செய்விச்சனான்," என்றாள் மெற்றில்டா, உண்மையான பெருமையோடு.

"சரி, இப்ப திறப்பைத் தாரும். நான் போட்டிருக்கிறன்."

மெற்றில்டா திறப்புகளைத் தன் சங்கிலியில் கோத்து, சட்டைக்குள்ளே விட்டாள்.

"ஐயோ, ஏலாதப்பா. சட்டமெல்லே? சாமானுக்குச் சொந்தக்காரர் ஆரோ, அவரிட்டைத்தான் திறப்பு."